உரக்கப் பேசு, மகளே!

ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும் என்பது நம் பெரியோர் வாக்கு. தளர்ந்து நிற்பவரைத் தட்டி எழுப்பும் சொல் எந்த மொழியிலும் உண்டு. தேர்வுக்குப் புறப்படும் மகளின் தலையைத் தடவி, 'பயப்படாமல் போய் வா' என்கிறாள் தாய். விளையாட்டுத் திடலில் பின்தங்கி ஓடுகிறவளைப் பார்த்து, 'விடாதே, விடாதே' என்று தோழியர் கூவுகிறார்கள். இத்தகைய சொற்கள் பெரும்பாலும் புலவர் வீட்டில் பிறப்பதில்லை. தெருவிலும் சந்தையிலும் பேருந்திலும் பிறக்கின்றன. அப்படித் தெருவில் வளர்ந்து, ஒரு பெரிய நாட்டின் இளைஞர் உலகத்தையே எழுந்து நிற்கச் செய்த சொல் ஒன்றைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அது ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையிலுள்ள நைஜீரியா நாட்டில் வழங்கும் யொரூபா மொழிச் சொல். 'சொரோ சோக்கே' என்பார்கள். 'உரக்கப் பேசு' என்பது பொருள்.

தெருப் பேச்சுக்குக் கன்னியர் நடத்தும் பள்ளியின் ஆண்டு மலரில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் நம் ஆண்டவர் உவமை சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்கள் யாவை? வலையும் விளக்கும் புளித்த மாவும் காணாமற்போன காசும் அல்லவா? எளிய மக்கள் கையாளும் ஒன்றில் உயர்ந்த பொருள் இருக்கக்கூடும். 'உரக்கப் பேசு' என்ற இச்சொல் பேசுகிறவளுக்குத் துணிவு தருகிறது. அதைவிட முக்கியமாக, கேட்கிறவருக்கு ஒரு கடமையைத் தருகிறது. இந்த இரண்டாவது பாடத்தை மாணவியர் மட்டுமின்றிப் பெற்றோரும் அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சொல்லும் பொருளும்

யொரூபா மொழி நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியிலும், அடுத்துள்ள பெனின், டோகோ நாடுகளிலும் வழங்குகிறது. அதைப் பேசுவோர் நான்கு கோடிக்கும் மேற்பட்டவர். 1991 வரை நைஜீரியாவின் தலைநகராயிருந்த லேகோஸ் மாநகரம் யொரூபா நிலத்தில்தான் இருக்கிறது. அம்மக்கள் தம் மொழியில் அந்நகரை 'ஏக்கோ' என்று அழைக்கிறார்கள்.

'சொரோ' என்பதில் இரண்டு சொற்கள் ஒட்டியுள்ளன. 'சொ' என்றால் சொல்லு. 'ஒரோ' என்றால் சொல் அல்லது பேச்சு. நம் 'சொல்'லும் அவர்களது 'சொ'வும் காதுக்கு ஒன்றாகப் படுவது தற்செயலே. ஆயினும் கேட்க இனிமையாயிருக்கிறது. 'சோக்கே' என்பதிலும் இரண்டு உண்டு. 'ஓக்கே' என்றால் குன்று அல்லது உயரம். 'சோக்கே' என்றால் உயரத்தை நோக்கி. ஆகவே 'சொரோ சோக்கே' என்பதைப் பிரித்துப் பார்த்தால், 'உன் சொல்லை மேலே ஏற்று' என்று பொருள் வருகிறது. விளக்கை மரக்காலின் கீழே மறைக்காமல் தண்டின்மேல் வைக்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்தது இங்கே நினைவுக்கு வரவில்லையா?

யொரூபா மொழிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது இசையோடு கூடிய மொழி. ஒவ்வோர் அசையையும் மேல், நடு, கீழ் என்னும் மூன்று சுருதிகளில் ஒன்றில் சொல்ல வேண்டும். 'ஒக்கொ' என்ற ஒரே ஒலி, சுருதி மாறும்போது கணவன் என்றும், மண்வெட்டி என்றும், வண்டி என்றும், ஈட்டி என்றும் பொருள் தரும். சுருதி தவறினால் கணவனை மண்வெட்டி என்று அழைக்க நேரிடும்! இதனால்தான் அவர்களுடைய 'டுண்டுன்' என்னும் மேளம் பேசும் மேளம் எனப் பெயர் பெற்றது. கலைஞர் அதன் வார்களை அக்குளில் அழுத்தியும் தளர்த்தியும் அடிக்கும்போது, சுருதி ஏறி இறங்கி, கேட்பவர் காதில் சொற்களாகவே விழும்.

இன்னொரு செய்தி நமக்கு மிகவும் பழக்கமானது. நாம் பெரியவர்களை 'நீங்கள்' என்றும், சமவயதினரை 'நீ' என்றும் அழைக்கிறோம். யொரூபா மக்களும் அப்படியே. பெரியவர்களுக்கு 'எ' என்னும் மரியாதைச் சொல் முன்னால் வர வேண்டும். பெரியோர் முன்னிலையில் பெண்பிள்ளைகள் முழந்தாளிடுவதும், ஆண்பிள்ளைகள் நெடுஞ்சாண்கிடையாக விழுவதும் அவர்கள் மரபு. ஆகவே 'சொரோ சோக்கே' என்பது ஒத்த வயதுடைய தோழியிடம் சொல்வது. பெரியவரிடம் சொல்வதானால் 'எ சொரோ சோக்கே', அதாவது 'சற்று உரக்கப் பேசுங்கள்' என்று சொல்ல வேண்டும். பெரியோரை இவ்வளவு மதிக்கும் ஒரு சமுதாயத்தில்தான் இந்தத் துணிவுச் சொல் பிறந்தது என்பதை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

ஊக்கும் மொழி

பிறரை ஊக்குவிப்பது யொரூபா மக்களுக்குப் புதிதன்று. அவர்கள் குழந்தைகளுக்கு வழக்கமான பெயருடன் 'ஒரீக்கி' என்னும் புகழ்ப்பெயரும் சூட்டுவார்கள். பெண்குழந்தைகளின் புகழ்ப்பெயர் பல 'கே' என்று முடியும். சீராட்டுதல் என்பது அதன் பொருள். 'அஜொக்கே' என்றால் எல்லோரும் சேர்ந்து சீராட்டுகிறவள். 'அபெக்கே' என்றால் வேண்டிப் பெற்றுச் சீராட்டப்படுகிறவள். பிள்ளை சோர்ந்திருக்கும் நேரத்தில் தாயோ பாட்டியோ இப்பெயரைச் சொல்லிக் குலப்பெருமை பாடினால் அதன் முகம் மலர்ந்துவிடும்.

நாள்தோறும் வழங்கும் சொற்களிலும் இப்பண்பைக் காணலாம். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து செல்பவர் பேசாமல் போகமாட்டார்; 'எ கூ இஷே' என்று அவருடைய உழைப்பை வாழ்த்திவிட்டுத்தான் செல்வார். எவரேனும் கால் இடறினால், தம்மால் நேர்ந்ததாக இல்லாவிட்டாலும் அருகிலிருப்பவர் 'பெலே' என்று ஆறுதல் சொல்வார். 'ஓயா' என்பது இன்னொரு சொல். நம் காதுக்கு 'ஓயாதே' என்பதுபோல் ஒலித்தாலும், 'நேரம் வந்துவிட்டது, கிளம்பு' என்பது அதன் பொருள். தயங்குகிறவனைத் தட்டிக்கொடுக்கவும், சோம்பலாயிருப்பவனை விரட்டவும் இந்த ஒரு சொல் போதும்.

இச்சொற்கள் யொரூபா வீடுகளோடு நின்றுவிடவில்லை. நைஜீரியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட மொழிகள் உள்ளன. பிழைப்புத் தேடி எல்லா இனத்தவரும் லேகோஸுக்கு வருகிறார்கள். 'டான்ஃபோ' எனப்படும் மஞ்சள் நிறச் சிற்றுந்துகளில் இபோவும் ஹவுஸாவும் யொரூபாவும் தோளோடு தோள் நெருக்கி அமர்ந்து செல்கிறார்கள். நடத்துநர் 'ஓயா' என்று கூவுகிறார். இறங்க வேண்டியவர் 'ஓவா' என்று குரல் கொடுக்கிறார். இப்படிப் பேருந்தில் கற்ற சொல், ஆங்கிலமும் உள்ளூர் மொழிகளும் கலந்த 'பிஜின்' பேச்சில் ஏறி நாடெங்கும் பரவிவிடுகிறது. நம் கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் இடம்பெற்ற ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் 2020 ஜனவரியில் 'டான்ஃபோ'வும் ஏறிவிட்டது. தெருச் சொல்லின் பயணம் எவ்வளவு நீண்டது, பாருங்கள்!

2020-ம் ஆண்டில் நிகழ்ந்தது

'சொரோ சோக்கே' என்ற சொல்லை உலகம் அறிந்துகொண்டது 2020 அக்டோபரில். அதன் பின்னணி துயரமானது.

1992-ல் நைஜீரியக் காவல் துறை கொள்ளையரை ஒடுக்குவதற்கென 'சார்ஸ்' எனப்பட்ட தனிப்படை ஒன்றை அமைத்தது. நாளடைவில் வேலியே பயிரை மேயத் தொடங்கியது. கையில் மடிக்கணினி வைத்திருந்த இளைஞர்களையும், தலைமுடியைச் சடையாக முறுக்கிவிட்டிருந்தவர்களையும், சற்று நல்ல காரில் சென்றவர்களையும் அப்படையினர் வழிமறித்துப் பணம் பறித்தனர்; மறுத்தவர்களை அடைத்து வைத்து வதைத்தனர். 2017 ஜனவரி முதல் 2020 மே வரை குறைந்தது 82 கொடுமைகளைத் தான் பதிவு செய்துள்ளதாக அம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்னும் மனித உரிமை அமைப்பு அறிவித்தது. படையைத் திருத்துவதாக அரசு பலமுறை வாக்களித்தும் பயன் விளையவில்லை.

2020 அக்டோபரில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களிடையே ஒரு தலைவர் இல்லை, கட்சி இல்லை. கையில் எழுதிய அட்டைகளும் நாட்டுக் கொடியும் இருந்தன. நாவில் 'சொரோ சோக்கே' இருந்தது. முணுமுணுத்தது போதும், கேட்க வேண்டியவர் காதில் விழும்படி பேசு என்று ஒருவரை ஒருவர் ஊக்கினார்கள். யொரூபா அறியாத வடபுலத்து அபூஜாவிலும், இபோ மக்கள் வாழும் கிழக்கு நகரங்களிலும் அச்சொல் ஒலித்தது. அன்றைய இளைஞர்களுக்குச் 'சொரோ சோக்கே தலைமுறை' என்றே பெயர் வழங்கலாயிற்று. 2022-ல் 'சொரோ சோக்கே' என்ற பெயரில் அவர்களைப் பற்றி ஆங்கில நூல் ஒன்றும் வெளிவந்தது.

இதில் பெண்கள் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. 2020 ஜூலையில் இளம்பெண்கள் சிலர் கூடிப் 'பெமினிஸ்ட் கோலிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். கிளர்ச்சி மூண்டதும் அவர்கள் 14 கோடி நைராவுக்கு மேல் நன்கொடை திரட்டி, சோறும் தண்ணீரும் மருந்தும் வழக்கறிஞர் உதவியும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். அத்துடன் வரவு செலவுக் கணக்கை எல்லோரும் காணும்படி வெளியிட்டார்கள். உரக்கப் பேசுகிறவர் கணக்கையும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் செயலில் காட்டினார்கள்.

அபூஜாவில், இசுலாமியப் பெண்கள் அணியும் நீண்ட முக்காடுடன், கையை உயர்த்தி நின்ற ஆயிஷா யெசுஃபு அம்மையாரின் படம் உலகெங்கும் பரவியது. அவர் யார் தெரியுமா? 2014 ஏப்ரலில் சிபோக் என்ற ஊரின் அரசு மகளிர் பள்ளியிலிருந்து 276 மாணவியரைத் தீவிரவாதிகள் கடத்திச் சென்றார்கள் அல்லவா? 'எங்கள் பெண்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்' என்று அரசைக் கேட்டு இடைவிடாமல் போராடியவர்களில் அவரும் ஒருவர். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் அவர்கள். உங்களைப்போல் தேர்வு எழுத வந்தவர்கள். 2024-ல் பத்தாண்டுகள் நிறைந்தபோதும் அவர்களுள் எண்பதுக்கு மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. பிறர் மறந்துவிட்ட பிள்ளைகளுக்காக யாரேனும் உரக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 11-ல் அரசு அந்தத் தனிப்படையைக் கலைத்தது. முன்னரும் இவ்வாறு கேட்டு ஏமாந்தவர்களாதலால் இளைஞர்கள் கலையவில்லை. அக்டோபர் 20 இரவு, லேகோஸ் நகரின் லெக்கி சுங்கச்சாவடியில் நாட்டுக் கொடியை ஏந்திப் பாடிக்கொண்டிருந்தவர்கள்மீது படையினர் சுட்டனர். லேகோஸ் மாநிலம் அமைத்த விசாரணைக் குழு 2021 நவம்பரில் தந்த அறிக்கை அதைப் படுகொலைக்கு ஒப்பானதாகக் கூறியது. நடுவண் அரசு அதை ஏற்க மறுத்தது. அதன் பிறகு இளைஞர் பலர் நம்பிக்கை இழந்தனர். இப்போது அங்கே பெரிதும் வழங்கும் மற்றொரு யொரூபாச் சொல் 'ஜாபா'. நாட்டைவிட்டு ஓடிப்போவது என்பது அதன் பொருள். பேசுகிறவர்களைக் கேட்க ஆளில்லாவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நாட்டுக்கும் இது பொருந்தும்.

வால் வேண்டாம்

இச்சொல்லைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். தெருவில் அதன் பின்னால் 'வெரே' என்று ஒரு வால் சேர்ப்பதுண்டு. பைத்தியக்காரன் என்று பொருள். 'உரக்கப் பேசு, பைத்தியமே' என்று கூவினார்கள். நண்பர்களிடையே அது கேலிதான். பலகாலம் ஒடுக்கப்பட்டவர்களின் கோபமும் அதில் உண்டு. எனினும் இந்த வாலை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் துணிபு. மனநோயாளிகள் நம் வீட்டுப் பிள்ளைகள்; அவர்கள் துன்பம் வசைச்சொல் ஆகலாகாது. மேலும், ஏசிப் பேசினால் கேட்பவர் ஏசியதை மட்டும் பிடித்துக்கொண்டு, சொல்ல வந்த நியாயத்தைத் தள்ளிவிடுவார். வள்ளுவப் பெருந்தகை 'அவை அஞ்சாமை'க்கு ஓர் அதிகாரமும், 'இனியவை கூறல்' என்பதற்கு ஓர் அதிகாரமும் ஒரே நூலில்தான் வைத்தார். இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும்.

யொரூபா நாட்டிலேயே இதற்குச் சிறந்த முன்மாதிரி உண்டு. ஃபூன்மிலாயோ ரான்சம் குட்டி அம்மையார் 1900-ல் அபெயோகுட்டா என்ற ஊரில் பிறந்தார். அவ்வூரின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் மாணவி அவரே, பின்னர் ஆசிரியையானார். படித்த பெண்மணிகளுடன் தொடங்கிய அவருடைய சங்கத்தில் சந்தையில் காய்கறியும் அரிசியும் விற்ற பெண்களும் சேர்ந்தார்கள். அவர்களுக்கு அவர் எழுத்தறிவித்தார். அக்காலத்தில் ஆங்கில ஆட்சியினர் பெண்களிடம் தனி வரி வாங்கினர். அதை வசூலிப்பதில் கொடுமைகளும் நிகழ்ந்தன. 1947-ல் பதினாயிரம் பெண்கள் அரண்மனை முன் கூடி, இரவெல்லாம் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். ஊர்வலத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது, 'உல்லாசப் பயணம்' என்று பெயரிட்டு ஒன்றுகூடினார்கள்! நன்றாக ஆங்கிலம் அறிந்திருந்தும், அம்மையார் அதிகாரிகள் முன்னிலையில் யொரூபாவிலேயே பேசினார். தம்முடன் நின்ற சந்தைப் பெண்களுக்குப் புரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டிய பாடு அதிகாரிகளுக்கு! 1949 ஜனவரியில் மன்னர் அரியணையைத் துறந்தார். பெண்கள்மீதான தனி வரியும் நீங்கியது. கணக்கு, ஒற்றுமை, விடாமுயற்சி ஆகிய மூன்றும் அவர்களுடைய உரத்த குரலுக்குப் பின்னால் நின்றன.

மறைநூல் காட்டும் வழி

மாற்கு நற்செய்தியில் வரும் பர்த்திமேயுவை நாம் அறிவோம். எரிகோ நகரின் அருகே வழியோரம் அமர்ந்து பிச்சை எடுத்த பார்வையற்றவர். இயேசு அவ்வழியே போகிறார் என்று கேட்டதும் அவர் கூவி அழைத்தார். சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள்? பேசாதிருக்குமாறு அதட்டினார்கள். அவரோ இன்னும் உரக்கக் கூவினார். ஆண்டவர் நின்றார், அவரை அழைத்துவரச் சொன்னார். உடனே, சற்றுமுன் அதட்டிய அதே கூட்டம் அவருக்குத் துணிவு சொல்லி எழுப்பிவிட்டது!

இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கூட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். முதலில் வாயடைத்தவர்களும் அவர்களே. பிறகு ஊக்கம் தந்தவர்களும் அவர்களே. இவ்விரண்டுக்கும் நடுவில் நிகழ்ந்தது ஒன்றே: ஒருவர் நின்று கேட்டார். கேட்பதற்கு ஒருவர் நின்றுவிட்டால், சுற்றியிருப்போரின் நாக்கும் மாறிவிடுகிறது.

சியென்னா நகரப் புனித கத்தரீன் சாயம் தோய்க்கும் எளிய குடும்பத்தில் பிறந்த பெண். அந்நாளில் திருத்தந்தையர் பிரான்சு நாட்டின் அவிஞ்ஞோன் நகரில் தங்கியிருந்தனர். உரோமைக்குத் திரும்ப வேண்டும் என்று திருத்தந்தை 11-ம் கிரகோரிக்கு அவர் கடிதம் எழுதினார். நேரிலும் சென்று வேண்டினார். மகளுக்குரிய அன்புடனும் பணிவுடனும், ஆனால் சற்றும் மழுப்பாமல் பேசினார். 1377-ல் திருத்தந்தை உரோமை வந்து சேர்ந்தார். 33 வயதில் மறைந்த அப்பெண்ணைத் திருச்சபை 1970-ல் மறைவல்லுநராக உயர்த்தியது. உரக்கப் பேசிய மகளைத் திருச்சபை தள்ளிவிடவில்லை, பீடத்தில் ஏற்றியது.

கேட்கிறவர் கடமை

இப்போது நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். 'உரக்கப் பேசு' என்று யார் சொல்ல முடியும்? கேட்க விரும்புகிறவர்தான் சொல்ல முடியும். கேட்க விரும்பாதவர் 'சும்மா இரு' என்பார். 'சொரோ சோக்கே' என்று ஒருவர் சொன்னால், 'நீ பேசுவது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. விழ வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்காக நிற்கிறேன்' என்று வாக்குக் கொடுக்கிறார் என்றே பொருள்.

நம் வழக்கில் பெண்பிள்ளைகளுக்கு இதற்கு நேர்மாறான பாடமே அதிகம் கிடைக்கிறது. 'பெண் சிரித்தால் போச்சு, புகையிலை விரித்தால் போச்சு' என்றொரு பழமொழியை இன்னமும் சில வீடுகளில் கேட்கலாம். அடுக்களையில் அவள் குரல் எழும்பினால், 'தெருவரைக்கும் கேட்கிறது' என்கிறோம். பிறகு அதே பெண் வகுப்பில் எழுந்து விடை சொல்லும்போது, 'ஏன் வாய்க்குள்ளேயே பேசுகிறாய்?' என்று கோபித்துக்கொள்கிறோம். வீட்டில் பன்னிரண்டு ஆண்டு அடக்கி வைத்த குரல் வகுப்பில் ஒரே நாளில் எப்படி எழும்பும்? 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்ற பழமொழியும் நம்முடையதுதானே? அதை ஏன் மகன்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம்?

மௌனம் ஒரு புண்ணியம் ஆயிற்றே என்று சிலர் எண்ணலாம். நற்கருணை முன் முழந்தாளிட்டு நாம் காக்கும் மௌனம் நாமே விரும்பி ஏற்பது. அது உள்ளத்தை நிறைக்கிறது. அச்சத்தால் வாய்மூடி இருப்பது அப்படிப்பட்டதன்று. அது உள்ளத்தை அரிக்கிறது. முன்னது செபம், பின்னது சுமை. இரண்டையும் ஒன்றென எண்ணி, வாய்பேசாத பெண்ணை நல்ல பெண் என்று நாம் பாராட்டிவிடக் கூடாது.

கணக்குப் புரியாத பெண் பேசாமலிருந்தால் ஒரு பாடம் போகும். யாரோ ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதைச் சொல்ல முடியாத பெண் பேசாமலிருந்தால் என்னென்ன போகும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தகைய பிள்ளை முதல்முறை சொல்லும்போது மிக மெல்லவே சொல்வாள். 'அந்த மாமா வீட்டுக்குப் போக வேண்டாம், அம்மா' என்பதுபோல் சுற்றி வளைத்துத்தான் சொல்வாள். அந்நேரம் 'வாயை மூடு, மாமாவைப் பற்றி அப்படிப் பேசாதே' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அவள் இரண்டாம் முறை வாய் திறக்கமாட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு, அருகில் உட்கார்ந்து, 'சொல்லு கண்ணு, சத்தமாகச் சொல்லு, நான் கேட்கிறேன்' என்று சொல்ல வேண்டிய நேரம் அது. வீட்டில் கேட்க எவரும் இல்லாத பிள்ளைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. இந்த எண்ணைப் பெருக்கல் வாய்பாட்டைப்போல் எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். கையைத் தூக்காத பிள்ளைகளைக் கவனியுங்கள். ஒழுக்கத்துக்கும் கேள்விக்கும் பகை ஏதுமில்லை. ஐயத்தைக் கேட்கும் மாணவியை அதிகப்பிரசங்கி என்று ஒருமுறை சொன்னால், சுற்றியுள்ள நாற்பது மாணவியரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பர்த்திமேயுவுக்காக ஆண்டவர் நின்றதுபோல், ஒரு நிமிடம் நின்றால் போதும்.

அன்பு மாணவியரே, உங்களுக்கும் சில சொற்கள். உரக்கப் பேசுவது என்றால் கத்துவது என்று எண்ணிவிடாதீர்கள். சுருதி மாறினால் யொரூபாவில் பொருள் மாறும் என்று கண்டோம். தமிழிலும் குரலின் தன்மை மாறினால் கேட்பவர் மனம் மாறிவிடும். பேசுமுன் உண்மை எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள். வாக்கியத்தைப் பாதியில் விழுங்காமல் முடியுங்கள். பெரியவர் தவறு செய்தாலும் 'நீங்கள்' என்றே சொல்லுங்கள். ஆனால் தவற்றைத் தவறு என்றும் சொல்லுங்கள். உங்களுக்காகப் பேசுமுன், பேச முடியாமல் பக்கத்தில் இருப்பவளுக்காகப் பேசுங்கள். மேடையில் நடுங்குகிற தோழியைப் பார்த்துச் சிரிக்காமல், முதல் வரிசையிலிருந்து தலையை அசைத்து அவளுக்கு ஊக்கம் கொடுங்கள். அந்தத் தலையசைப்பும் ஒரு 'சொரோ சோக்கே'தான்.

யொரூபா மக்களிடம் அழகான பழமொழி ஒன்று உண்டு. அவர்களது பழம்பெரும் நகரமாகிய இலே இஃபே, சிறுவர் அறிவும் முதியோர் அறிவும் சேர்ந்தே நிறுவப்பட்டது என்பது அதன் கருத்து. ஒருவர் அறிவு மட்டும் போதவில்லை. நம் பள்ளியும் நம் வீடும் அப்படியே எழும்பட்டும். பெரியவர்கள் நின்று கேட்கட்டும்; பிள்ளைகள் நிமிர்ந்து பேசட்டும். வானதூதர் சொன்ன செய்தியைக் கேட்டு, அஞ்சி ஒதுங்காமல், 'இது எப்படி நிகழும்?' என்று வாய்திறந்து வினவிய பின்பே இசைவு தெரிவித்த நம் அன்னை மரியாள் நம் எல்லோருக்கும் துணை நிற்பாராக!